ஆபீசுக்குப் போனால்தான் பதவி உயர்வா?

அன்புள்ள ஐயா,

தருமபுரி மாவட்டத்தில் ஒரு கல்லூரியின் வேதியியல் துறையில் ஆய்வக உதவியாளராகப் பல வருடங்களாக இருக்கிறேன். வேலையில் சேர்ந்த பிறகு தொலைதூரக் கல்வியில் எம்.எஸ்சி. முடித்தேன். எங்கள் துறையில் போர்வெல் தண்ணீரில் ஃப்ளூரைடு எவ்வளவு என்று பார்க்கிறார்கள். பென்னாகரம், பாலக்கோடு பக்கம் போய் சாம்பிள் எடுத்து வருவதும் எலெக்ட்ரோடில் அளப்பதும் நான்தான். சமீபத்தில் வந்த ஆய்வுக் கட்டுரையின் கடைசியில் ‘ஆய்வக ஊழியர்களுக்கு நன்றி’ என்று ஒரு வரி இருந்தது. பெயர் போட்டிருக்கலாமே சார் என்றேன். ‘அதுக்குத்தானே சம்பளம் வாங்கறீங்க’ என்றார் பேராசிரியர். இப்போது ஆபீசில் இளநிலை உதவியாளர் இடம் ஒன்று காலியாகிறது. அங்கே போனால் உதவியாளர், கண்காணிப்பாளர் என்று மேலே போகலாம். ஆய்வகத்தில் இருந்தால் ஓய்வு பெறும்வரை இதே பதவிதான். வீட்டில் போகச் சொல்கிறார்கள். நான் பெயர் கேட்டது அதிகப்பிரசங்கித்தனமா? ஆபீசுக்குப் போய்விடட்டுமா?

பெயர் வேண்டாம்,
தருமபுரி மாவட்டம்

அன்புள்ள நண்பருக்கு,

அதிகப்பிரசங்கித்தனம் இல்லை. பேராசிரியரும் சம்பளம் வாங்குகிறார், அவர் பெயர் கட்டுரையின் தலையிலேயே இருக்கிறது. சம்பளக் கணக்கு இத்துடன் முடிந்தது.

நீங்கள் செய்யும் வேலை என்னவென்று வெளியாட்களுக்குத் தெரியாது என்பதால் கொஞ்சம் சொல்கிறேன். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஃப்ளூரைடு வரை இருக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். வேறு தண்ணீருக்கு வழியே இல்லையென்றால் 1.5 வரை. தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலும் பல ஊர்களில் அது இந்த எல்லையைத் தாண்டியிருக்கிறது. பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறை, பெரியவர்களுக்கு எலும்பிலேயே பாதிப்பு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பான் கடனில் வந்ததே இதற்காகத்தான். ஒரு கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கலாமா, கூடாதா என்பது 1.4க்கும் 1.6க்கும் நடுவில் முடிவாகிற விஷயம்.

அந்த 0.2 யார் கையில் இருக்கிறது? கண்ணாடி பீக்கரில் ஃப்ளூரைடு ஒட்டிக்கொள்ளும் என்று பிளாஸ்டிக் பீக்கரை எடுத்து வைப்பவர் கையில். தண்ணீரில் உள்ள அலுமினியமும் இரும்பும் ஃப்ளூரைடைப் பிடித்து வைத்துக்கொண்டால் எலெக்ட்ரோடு குறைத்துக் காட்டும். அதை விடுவிக்க பஃபர் என்ற கரைசலைச் சேர்க்க வேண்டும், அமிலத்தன்மையைக் காட்டும் pH அளவு ஐந்து, ஐந்தரைக்குள் நிற்க வேண்டும். தினமும் செறிவு முன்பே தெரிந்த ஸ்டாண்டர்டு கரைசல்களை வைத்து மீட்டரைச் சரிபார்க்க வேண்டும். செறிவு பத்து மடங்கு மாறினால் மீட்டர் காட்டும் மின்னழுத்தம் 59 மில்லிவோல்ட்டை ஒட்டி மாற வேண்டும். ஐம்பதுக்குக் கீழே போனால் அன்றைக்கு அளப்பதை நிறுத்திவிட்டு எலெக்ட்ரோடைக் கவனிக்க வேண்டும். சித்திரை வெயிலில் மின்விசிறி நின்றால் அளவு நகரும். இதெல்லாம் புத்தகத்திலும் இருக்கிறது. ஆனால் எது தப்பினால் எண் எந்தப் பக்கம் சாயும் என்பது வருடக்கணக்கில் அளந்தவருக்குத்தான் சட்டென்று தெரியும். ஆராய்ச்சி மாணவர் மூன்று நான்கு வருடத்தில் பட்டம் வாங்கிக்கொண்டு போய்விடுவார். இந்தப் பழக்கம் துறையில் தங்குவது உங்களிடம்தான்.

சரி, பெயர் விஷயம். ஒருவர் எப்போது ஒரு கட்டுரையின் ஆசிரியர் ஆகிறார் என்பதற்கு மருத்துவ இதழாசிரியர்களின் சர்வதேசக் குழு வைத்திருக்கும் விதியை வேறு துறைகளிலும் மேற்கோள் காட்டுவார்கள். ஆய்வைத் திட்டமிட்டதிலோ, தரவுகளைச் சேகரித்ததிலோ, அலசியதிலோ கணிசமான பங்கு இருக்க வேண்டும். வரைவை எழுதவோ திருத்தவோ வேண்டும். இறுதி வடிவத்தை ஒப்புக்கொண்டு, அதற்குப் பொறுப்பும் ஏற்க வேண்டும். நான்கும் இருந்தால்தான் ஆசிரியர். முதலாவது உங்களிடம் இருக்கிறது. ‘நீங்கள் வரைவைப் பார்க்கவில்லையே’ என்று இரண்டாவதைக் காட்டித்தான் வழக்கமாகக் கழற்றிவிடுவார்கள். அதே விதியிலேயே இதற்குப் பதில் இருக்கிறது: பங்களித்தவருக்கு வரைவைக் காட்டாமலே வைத்துவிட்டு அதையே காரணமாகச் சொல்லி நீக்கக் கூடாது. அதனால் அடுத்த கட்டுரையில் பெயரைக் கேட்காதீர்கள், வரைவைக் கேளுங்கள். அளந்த முறை பற்றிய பகுதியை நானே எழுதித் தருகிறேன் என்று சொல்லுங்கள். சொன்னபடி எழுதியும் கொடுங்கள். சும்மா சாம்பிள் பாட்டிலைக் கழுவி வைத்தவருக்கெல்லாம் ஆசிரியர் பட்டம் கொடுக்கச் சொல்லும் கட்சி இல்லை நான். அவர்களுக்கு நன்றி வரி போதும், ஆனால் அதிலும் பெயர் வேண்டும். ‘ஊழியர்களுக்கு நன்றி’ என்றால் யாருக்கு?

நம் நாட்டில் இது நடக்காதது இல்லை. 1907இல் கல்கத்தாவுக்கு வந்த சி.வி. ராமன் பகலில் கணக்குத் துறை அதிகாரி. ஆபீஸ் நேரம் போக மற்ற நேரத்தில் போய் ஆராய்ச்சி செய்த இடம் பவ்பஜார் தெருவில் இருந்த அறிவியல் வளர்ச்சிக் கழகம். அங்கே உதவியாளர் அசுதோஷ் தே. பல்கலைக்கழகப் படிப்பு இல்லாதவர். ராமன் தன் பெயரோடு அவர் பெயரையும் சேர்த்து வெளிநாட்டு இதழ்களில் கட்டுரை வெளியிட்டார். அதனால் ராமனுக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை.

ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் உறுத்தியது பெயர் விவகாரம் இல்லை. ஆபீசுக்குப் போனால்தான் மேலே போகலாம் என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான். ஒருவர் ஒரு வேலையில் தேறத் தேற, அந்த வேலையை விட்டுப் போனால்தான் உயர்வு என்று ஒரு நிறுவனம் விதி வைத்திருக்கிறது. போர்வெல் தண்ணீரை அளந்த கை நாளைக்கு தற்செயல் விடுப்புப் பதிவேட்டை எழுதும். நஷ்டம் உங்களுக்கு மட்டும் இல்லை. இந்த நிலையில் ஆசிரியர் தினத்தன்று பொன்னாடை போர்த்தி ‘இவர் இல்லாவிட்டால் துறையே இல்லை’ என்று பேசுவதைக் கேட்டால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

வேறு வழி இருக்கிறது. இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தில் 1975இலேயே தொழில்நுட்பப் பணியாளர்களுக்குத் தனிப் பணி விதிகள் வந்துவிட்டன. டி-1 முதல் டி-9 வரை படிகள். குறிப்பிட்ட வருடங்களுக்கு ஒருமுறை வேலையை மதிப்பிட்டு, மேலே இடம் காலியாகக் காத்திருக்காமல் உயர்த்துவார்கள். படிப்புத் தகுதியைப் பொறுத்து யார் எதுவரை போகலாம் என்ற சண்டை அங்கேயும் உண்டு. ஆனாலும் ஏணி என்று ஒன்று இருக்கிறது, அது ஆய்வகத்துக்குள்ளேயே இருக்கிறது. பிரிட்டனில் 2017இல் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து தொழில்நுட்பப் பணியாளர்களுக்காக ஓர் உறுதிமொழி எடுத்தன. இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் அதில் இருக்கின்றன. கையெழுத்துப் போட்டால் மட்டும் போதாது, தங்கள் நிலைமையைத் தாங்களே மதிப்பிட்டுச் செயல்திட்டமும் எழுதித் தர வேண்டும். அவர்கள் சொல்லும் நான்கு விஷயங்களில் அங்கீகாரம் ஒன்று, பணி வளர்ச்சி இன்னொன்று. இரண்டையும் தனித்தனியாக எழுதி வைத்தார்களே, அது எனக்குப் பிடித்தது. முதலாவதைக் கொடுத்துவிட்டு இரண்டாவதை மறந்துவிடுவது சுலபம், அதற்குச் செலவு இல்லை.

உங்கள் கல்லூரி நாளைக்கே ஏணி கட்டாது. பதவிகளை உருவாக்குவது அரசாணையும் நிதியும் சம்பந்தப்பட்டது, கல்லூரி முதல்வர் மனது வைத்தாலும் அவர் கையில் இல்லை. அவர் கையில் இருப்பதைக் கேளுங்கள். வெளியே நடக்கும் கருவிப் பயிற்சிகளுக்கு ஆசிரியர்களை அனுப்புவதுபோல உங்களையும் பணிக்காலமாகக் கணக்கிட்டு அனுப்பலாம். சர்வீஸ் இன்ஜினியர் பெங்களூரிலிருந்து வந்து மிஷினைத் திறக்கும்போது உங்களைப் பக்கத்தில் நிற்க வைக்கலாம். எந்தக் கருவி உங்கள் பொறுப்பு என்று எழுத்தில் ஓர் உத்தரவு போட்டு, பணிப்பதிவேட்டில் ஏற்றலாம். வாய்வார்த்தையாகச் செய்த வேலைக்கு நாளைக்கு எந்தக் குழுவும் மதிப்பெண் போடாது.

ஆபீஸ் இடம் பற்றி: வீட்டுக் கணக்கு கேட்கிறது என்றால் போங்கள். அறிவியலுக்காகத் தியாகம் செய்யுங்கள் என்று சொல்ல எனக்கோ உங்கள் பேராசிரியருக்கோ உரிமை கிடையாது. ஆனால் விண்ணப்பிக்கும் முன் முதல்வருக்கு ஒரு கடிதம் கொடுங்கள். ஆய்வகத்திலேயே உயர்வு இருந்தால் இங்கேயே இருப்பேன், இல்லாததால் மாறுகிறேன் என்று தெளிவாக எழுதி, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். உங்களைப் போல இன்னும் நாலு பேர் எழுதினால் அது ஒரு கோப்பு ஆகும். எழுதியதும் எனக்கு அனுப்புங்கள், திருத்தித் தருகிறேன்.

அன்புடன்.