இரவுச் செய்தியில் வந்த போர்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: இரவு டிவி செய்திதான் அமெரிக்கர்களை வியட்நாம் போருக்கு எதிராகத் திருப்பியது என்று எங்கள் கல்லூரிப் பேராசிரியர் சொன்னார். ஒரு செய்தி நிகழ்ச்சிக்கு அவ்வளவு சக்தி இருந்ததா?
(வாசகி, திருநெல்வேலி)

பதில்: நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நம்பினேன். ஆனால் வருடங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் கணக்கு இடிக்கிறது. அமெரிக்க டிவி நிறுவனங்களான சிபிஎஸ், என்பிசி இரண்டும் 15 நிமிடமாக இருந்த தங்கள் மாலைச் செய்தியை அரை மணி நேரமாக்கியது 1963 செப்டம்பரில். 1965 மார்ச்சில் அமெரிக்க மரைன் படை வியட்நாமின் டா நாங் நகரில் இறங்கியது. அந்த ஆகஸ்டிலேயே சிபிஎஸ் நிருபர் மார்லி சேஃபர், கம் நே என்ற கிராமத்தில் மரைன் வீரர்கள் சிகரெட் லைட்டரால் கூரை வீடுகளுக்குத் தீ வைப்பதைக் காட்டிவிட்டார். அதிபர் ஜான்சன் சிபிஎஸ் தலைவரைக் கூப்பிட்டுக் கண்டபடி திட்டினார். ஆனால் அதே மாதம் கேலப் கருத்துக்கணிப்பில், படை அனுப்பியது தவறு என்றவர்கள் 24 சதவீதம்தான்.

கம் நே மாதிரிச் செய்தி அபூர்வம் என்பதையும் சொல்ல வேண்டும். ஃபிலிம் சுருள் தென் வியட்நாம் தலைநகர் சைகோனிலிருந்து விமானம் ஏறிப் போய்ச் சேர்வதற்குள் ஒன்றிரண்டு நாள் ஆகிவிடும், அதனால் பழசானாலும் கெட்டுப்போகாத காட்சிகளைத்தான் நிருபர்கள் அதிகம் எடுத்தார்கள்: ஹெலிகாப்டர் இறங்கும், வீரர்கள் புல்லுக்குள் நடப்பார்கள், தூரத்தில் புகை எழும், கடைசியில் நிருபர் கேமராவைப் பார்த்து நாலு வார்த்தை பேசுவார். பிணம் கண்ணில் படுவது குறைவு. ஆரம்ப வருடங்களில் செய்தியின் தொனியும் பெரும்பாலும் அரசாங்கம் பக்கம்தான்.

அப்படியிருந்தும் 1967 அக்டோபரில் அதே கேள்விக்குத் தவறு என்றவர்கள் 47 சதவீதம், இல்லை என்றவர்கள் 44. கட்டாய ராணுவ சேவைக்குப் பிள்ளைகளை இழுத்துக்கொண்டே இருந்தார்கள், சவப்பெட்டிகள் ஊர் ஊராக வந்துகொண்டே இருந்தன. மக்களை மாற்றியது அதுதான் என்பேன். 1950-53 கொரியப் போரை டிவி பெரிதாகக் காட்டவே இல்லை, அங்கேயும் சாவு ஏற ஏற ஆதரவு இறங்கத்தான் செய்தது.

கேள்வி: அப்படியானால் வால்டர் க்ரான்கைட் பேசியதும் ஜான்சன் பதவி ஆசையை விட்டார் என்பது கதையா?
(வாசகர், தஞ்சாவூர்)

பதில்: முழுக்கக் கதை இல்லை. டெட் என்ற வியட்நாம் புத்தாண்டு நேரத்தில் கம்யூனிஸ்ட் படைகள் நடத்திய பெரிய தாக்குதலுக்குப் பிறகு, சிபிஎஸ் மாலைச் செய்தியை வாசித்துவந்த க்ரான்கைட் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்து, 1968 பிப்ரவரி 27 அன்று இந்தப் போர் முட்டுச்சந்தில் நிற்கிறது என்றார். மார்ச் 31-ல் ஜான்சன் மறுபடி போட்டியிடப் போவதில்லை என்று அறிவித்தார். ஆனால் ‘க்ரான்கைட்டையே இழந்துவிட்டேன் என்றால்...’ என்று ஜான்சன் டிவி முன்னால் உட்கார்ந்து புலம்பியதாகச் சொல்வதற்கு ஆதாரம் இல்லை. அன்று இரவு அவர் டெக்சாஸில் ஒரு பிறந்தநாள் விழாவில் இருந்தார். நாட்டில் பாதிப்பேர் ஏற்கெனவே நினைத்துக்கொண்டிருந்ததை க்ரான்கைட் சபையில் சொன்னார். அதற்கு மதிப்பு உண்டு, தயங்கிக்கொண்டிருந்த பெரிய மனிதர்களுக்கு அது தைரியம் கொடுத்திருக்கும்.

என்னை உறுத்துவது வேறு. அதே பிப்ரவரியில் சைகோன் தெருவில் தென் வியட்நாம் போலீஸ் தலைவர் லோன் ஒரு கைதியின் தலையில் சுட்டதை, ரத்தம் பீறிடும் பகுதியை வெட்டிவிட்டு, என்பிசி ஒளிபரப்பியது. படம்பிடித்தவர் வோ சூ, ஒரு வியட்நாமியர். இத்தனை வருட இரவுச் செய்தியில் வியட்நாம்காரர்கள் ஓடினார்கள், அழுதார்கள், செத்தார்கள், அவர்கள் வாய்திறந்து பேசிய நேரம் மிகக் கொஞ்சம். அமெரிக்கர் பக்கம் செத்தவர் 58,000-க்கும் மேல் என்பது எல்லோருக்கும் தெரிகிறது. வியட்நாம் பக்கம் அது பல லட்சங்கள், அதற்கு இன்றுவரை ஒரு ஒழுங்கான கணக்கு கிடையாது.

கேள்வி: பிறகு வந்த போர்களில் கேமராக்களை ஏன் தள்ளி வைத்தார்கள்?
(வாசகர், கோவை)

பதில்: டிவியால்தான் தோற்றோம் என்று தளபதிகள் நம்பிவிட்டார்கள், அதனால்தான். 1991 வளைகுடாப் போரில் நிருபர்களைக் குழுகுழுவாக ராணுவமே அழைத்துப் போனது, எழுதியதையும் வாங்கிப் பார்த்தது. அதற்கு முன்பு 1983 அக்டோபரில் கிரெனடா தீவில் அமெரிக்கப் படை இறங்கியபோது முதல் இரண்டு நாள் ஒரு நிருபரையும் உள்ளே விடவில்லை. இறங்கிய முதல் நாளே அங்கே ஒரு மனநல மருத்துவமனை மேல் குண்டு விழுந்து நோயாளிகள் பலர் செத்தார்கள். அமெரிக்க மக்களுக்கு அது தெரிய ஏறக்குறைய ஒரு வாரம் ஆனது.