நரம்பைக் காக்கும் ஆய்வகப் பொருள் மருந்தாகுமா?

கேள்வி: நரம்புச் செல்களைக் காக்கும் கைனேஸ் தடுப்பான்கள் 'ஆய்வகப் பயன்பாட்டுக்கு மட்டும்' என்ற குறிப்புடன் விற்கப்படுகின்றன. அவற்றைப் பார்க்கின்சன் நோயாளிகளுக்கு ஏன் கொடுப்பதில்லை?

பதில்: கைனேஸ் என்பது, செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி மூலக்கூறிலிருந்து பாஸ்பேட் தொகுதியை எடுத்து மற்றொரு புரதத்தின் மீது பொருத்தி, அதன் செயலை மாற்றும் நொதியாகும். நச்சுப் பொருளாலோ ஆக்சிஜன் குறைவாலோ நரம்புச் செல் நெருக்கடிக்கு உள்ளாகும்போது, ஜேஎன்கே என்னும் கைனேஸ் தூண்டப்பட்டு, செல் தன்னைத்தானே அழித்துக்கொள்வதற்கு வழிவகுக்கிறது. எஸ்பி600125 என்ற தடுப்பான், ஏடிபி அமர வேண்டிய இடத்தில் தான் அமர்ந்து அந்தச் செயலை நிறுத்துகிறது. ஆனால் மனித உடலிலுள்ள ஐந்நூறுக்கும் மேற்பட்ட கைனேஸ்களில் பெரும்பாலானவற்றில் அந்த இடம் ஒன்றையொன்று ஒத்திருப்பதால், இது வேறு பல கைனேஸ்களையும் சேர்த்தே தடுத்துவிடுகிறது. இந்த ஒரு பொருளை மட்டும் நம்பி எட்டப்பட்ட முடிவுகளை நான் எளிதில் ஏற்பதில்லை.

மருந்தாக்கும் முயற்சியும் நடக்காமல் இல்லை. இதே வழித்தடத்தில் ஜேஎன்கேவுக்கு மேல்நிலையிலுள்ள கைனேஸ்களைத் தடுக்கும் சிஇபி-1347, எம்பிடிபி என்ற நச்சு செலுத்தப்பட்ட விலங்குகளில், பார்க்கின்சன் நோயில் அழியும் வகையைச் சேர்ந்த டோபமைன் நரம்புச் செல்களைக் காத்தது. ஆயினும், தொடக்கநிலை பார்க்கின்சன் நோயாளிகள் 806 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வு, பலன் தெரியாததால் 2005இல் இடையிலேயே நிறுத்தப்பட்டது. நச்சினால் சில நாள்களில் நேரும் சேதமும், பல ஆண்டுகளாக மெல்ல வளரும் நோயும் ஒன்றல்ல என்பதே இதற்கு முக்கியக் காரணமாக இருக்கலாம் என்பது என் கருத்து.

நீங்கள் கண்ட குறிப்பு, அப்பொருள் மனிதருக்குக் கொடுப்பதற்கான பாதுகாப்புச் சோதனைகளைக் கடந்து ஒப்புதல் பெற்றதல்ல என்பதைத் தெரிவிக்கிறது.