முடிவு தெரிந்த கதைகள்

அன்புள்ள ஐயா,

உங்கள் கட்டுரைகளை விடாமல் வாசிக்கிறவள் நான். ஆனால் நீங்கள் அறிமுகப்படுத்தும் புத்தகங்களில் பாதியைத் தொட்டதுகூட இல்லை. நான் வாசிப்பதெல்லாம் கிறிஸ்தவ நாவல்கள், சாட்சிப் புத்தகங்கள், மிஷனரிகளின் வாழ்க்கை வரலாறுகள், தினதியான நூல்கள். மாதத்துக்கு ஐந்தாறு முடித்துவிடுவேன். ஒரு நாவலை மட்டும் வருடத்துக்கு ஒருமுறை திரும்ப எடுத்து வாசிப்பேன்.

எங்கள் வாசகர் வட்டத்தில் இதைச் சொன்னபோது ஒரு நண்பர் சிரித்துவிட்டார். "அது பிரசங்கம், இலக்கியம் இல்லை. கதாநாயகன் மனந்திரும்பப் போகிறான் என்று இருபதாம் பக்கத்திலேயே தெரிந்துவிடுமே" என்றார். சபை மூப்பரோ, "வேதம் கையில் இருக்கும்போது கட்டுக்கதை எதற்கு?" என்கிறார். ஒருவருக்கு என் புத்தகங்களில் பக்தி ஜாஸ்தி, இன்னொருவருக்குப் போதவில்லை. நண்பர் சொன்னது பொய்யும் இல்லை. எனக்கும் முடிவு தெரியும். தெரிந்தும் அழுகிறேன். நான் இன்னும் வளராத வாசகியா? மூன்று அலமாரி நிறைய இருக்கிறது. யாருக்காவது கொடுத்துவிடலாமா என்று தோன்றுகிறது.

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

*

அன்புள்ள சகோதரிக்கு,

அலமாரியில் கைவைக்காதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம் பேசலாம்.

மூப்பரிடமிருந்து ஆரம்பிக்கிறேன். அவர் கேட்டது புதுக் கேள்வி இல்லை. ஜான் பனியன் பாத்திரங்களைப் பழுதுபார்த்துப் பிழைத்தவர். அனுமதியில்லாமல் பிரசங்கம் செய்தார் என்று 12 வருடம் சிறையில் கிடந்தார். நம்மிடம் 'மோட்சப் பிரயாணம்' என்று வழங்கும் அவருடைய புத்தகம் 1678-ல் வெளிவந்தது. அதன் முகப்பில் செய்யுளாக ஒரு நீண்ட சமாதானம் எழுதியிருக்கிறார். எழுதியதை நாலு பேரிடம் காட்டினாராம். ஜான், அச்சில் போடு என்றார்கள் சிலர். வேண்டாம் என்றார்கள் சிலர். நன்மை உண்டாகும் என்று ஒரு கட்சி, உண்டாகாது என்று ஒரு கட்சி. நீங்களே இரண்டுபட்டு நிற்கிறீர்கள், நான் போட்டுவிடுகிறேன் என்று போட்டுவிட்டார். கற்பனையை வைத்து வேத விஷயத்தைப் பேசலாமா என்பதுதான் அன்றைக்கும் சண்டை. உங்கள் மூப்பர் முந்நூறு வருடத்துக்கு மேல் பழைய கட்சியில் இருக்கிறார், தனி ஆள் இல்லை.

வேதம் இருக்கும்போது கதை எதற்கு என்றால், வேதத்துக்குள்ளேயே கதை எதற்கு என்றும் கேட்க வேண்டியிருக்கும். தாவீது ராஜா இன்னொருவன் மனைவியான பத்சேபாளை எடுத்துக்கொண்டதை நாத்தான் தீர்க்கதரிசி நேருக்கு நேர் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்குமோ. அவர் கதை சொல்கிறார். ஏழை ஒருவனுக்கு ஒரே ஒரு ஆட்டுக்குட்டி. அது அவன் பாத்திரத்திலே குடித்தது, அவன் மடியிலே படுத்துக்கொண்டது, அவனுக்கு ஒரு மகளைப்போல இருந்தது. பக்கத்தில் இருந்த பணக்காரன் தன் விருந்தாளிக்காக அதைப் பிடித்துச் சமைத்துவிட்டான். திருட்டு வழக்கைச் சொல்ல மடியில் படுத்ததும் மகளைப்போல இருந்ததும் தேவையே இல்லை. அது கதாசிரியன் செய்கிற வேலை. ராஜாவுக்குக் கோபம் பொங்கியதும் எந்த ஊரிலும் இருந்திராத அந்த ஆட்டுக்குட்டிக்காகத்தான். அதற்குப் பிறகுதான் "நீயே அந்த மனுஷன்" என்ற வாக்கியம் வருகிறது. மூப்பரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். வாதத்துக்காக அல்ல, அவருக்கும் பிடித்த இடமாகத்தான் இருக்கும்.

இனி உங்கள் நண்பர். முடிவு தெரிந்துவிடுகிறது என்கிறார். தெரிந்தால் என்ன? ராமன் ஜெயிப்பான் என்று தெரிந்துதான் கம்பனை எடுக்கிறோம். கொலைகாரன் பிடிபடுவான் என்று தெரிந்துதான் துப்பறியும் நாவலை எடுக்கிறோம், அதற்காக யாரும் மூக்கைச் சுளிப்பதில்லை. பனியனின் கதையை ஹெச். ஏ. கிருஷ்ண பிள்ளை கம்பனின் சாயலில் விருத்தமாகப் பாடினார். 'இரட்சணிய யாத்திரிகம்', 1894-ல் நூலானது. யாத்திரிகன் மோட்ச நகரம் போய்ச் சேர்ந்தானா என்று பதறிக்கொண்டு அதை வாசித்தவர் யாராவது இருந்திருப்பார்களா? போகிற வழிதான் விஷயம்.

'பிரசங்கம்' என்பதையும் நண்பர் திட்டாகத்தான் சொல்லியிருக்கிறார். 1896-ல் சார்லஸ் ஷெல்டன் என்ற போதகர் ஞாயிறு மாலை ஆராதனையில் பிரசங்கத்துக்குப் பதிலாக ஒரு நாவலை அத்தியாயம் அத்தியாயமாக வாசித்தார். ஒவ்வொரு வாரமும் சிக்கலான இடத்தில் நிறுத்திவிடுவார். 'இந்த இடத்தில் இயேசு என்ன செய்வார்' என்று கேட்டுப் பார்த்து ஒரு வருடம் வாழ முடிவெடுக்கும் சிலரின் கதை அது. காப்புரிமைப் பதிவில் ஏதோ கோளாறு, கண்ட பதிப்பகமெல்லாம் அச்சடித்து விற்றது. இலக்கியமா என்று கேட்டால் எனக்குத் தயக்கம் உண்டு. ஆனால் அடுத்த ஞாயிறு வரை காத்திருந்த கூட்டத்தைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை. நானும் தொடர்கதை வாசித்து வளர்ந்தவன்தானே.

இப்படிப் பெருந்தன்மையாகப் பேசும் நான் ஒரு காலத்தில் உங்கள் நண்பரைவிட மோசம். இந்த வகைப் புத்தகங்களை வாசிக்காமலே ஒதுக்கினேன். பிறகு அம்மாவுக்கு உடம்பு முடியாமல் ஒரு மருத்துவமனையில் இரவெல்லாம் விழித்திருக்க வேண்டி வந்தது. கையில் பெரிய பெயரெடுத்த நாவல் ஒன்று. யாருக்கு என்ன நடக்கும் என்று ஊகிக்கவே முடியாது என்று புகழப்பட்டது. நாலு பக்கத்துக்கு மேல் ஓடவில்லை. யாருக்கு என்ன நடக்கும் என்று தெரியாத நிலைமை அந்த அறையிலேயே போதுமான அளவு இருந்தது. பக்கத்துக் கட்டிலுக்குத் துணையாக வந்திருந்த ஒரு அம்மா, தலையணைக்கு அடியிலிருந்து ஒரு கிறிஸ்தவ நாவலை எடுத்து நீட்டினார். அட்டை இல்லை, முதல் சில பக்கங்களும் இல்லை, ஆகவே தலைப்பு எனக்கு இன்றுவரை தெரியாது. விடிவதற்குள் முடித்துவிட்டேன்.

சுமாரான நாவல்தான். ஆனால் அதில் ஒன்று பார்த்தேன். கதாநாயகி பதில் கிடைக்காத ஒரு ஜெபத்தை முடித்துவிட்டுப் பேசாமல் பாத்திரம் கழுவப் போவாள். அந்த இரண்டு வரிக்குப் பக்கத்தில் யாரோ பென்சிலால் ஒரு கோடு போட்டிருந்தார்கள். புத்தகம் முழுக்கத் தேடினேன், வேறெங்கும் கோடு இல்லை. அற்புதம் நடக்கும் அத்தியாயத்தில் இல்லை, திருமணத்தில் இல்லை. இந்தப் புத்தகங்களை வாசிக்கிறவர்கள் தேன் தடவிய முடிவுக்காக வாசிக்கிறார்கள் என்ற என் எண்ணம் அந்தக் கோட்டோடு போயிற்று.

அதனால்தான் உங்கள் அழுகையைப் பற்றி எனக்குக் கவலையில்லை. ஆனால் நண்பர் சொல்வதில் ஒரு பாதி எனக்கும் உடன்பாடு, அதை மழுப்பக் கூடாது.

விக்டர் ஹ்யூகோவின் நாவலை 'ஏழை படும் பாடு' என்று சுத்தானந்த பாரதி தமிழில் தந்திருக்கிறார். ராத்தங்க இடம் கொடுத்த ஆயரின் வெள்ளிப் பாத்திரங்களைத் திருடிக்கொண்டு ஓடிய ழான் வல்ழானைக் காவலர்கள் பிடித்து அவர் முன் நிறுத்துகிறார்கள். ஆயரோ, மெழுகுவர்த்தித் தண்டுகளையும் கொடுத்தேனே, ஏன் எடுத்துப் போகவில்லை என்கிறார். இதுவரை எல்லோருக்கும் தெரியும். இதற்குப் பிறகு வருவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நல்லவனாவதாக வாக்குக் கொடுத்திருக்கிறாய், மறக்காதே என்கிறார் ஆயர். அவன் அப்படி எந்த வாக்கும் கொடுக்கவில்லை. குழம்பிப்போய் ஊருக்கு வெளியே வந்து உட்கார்ந்திருக்கிறான். பத்து வயதுச் சிறுவன் ஒருவன் காசைத் தூக்கிப் போட்டுப் பிடித்து விளையாடிக்கொண்டு வருகிறான். ஒரு நாணயம் உருண்டு வருகிறது. வல்ழான் அதன் மேல் காலை வைத்துவிடுகிறான். பையன் கெஞ்சுகிறான், அழுகிறான். இவன் காலை எடுக்கவில்லை, அதட்டி விரட்டுகிறான். பையன் ஓடிப்போன பிறகுதான் காலடியில் நாணயம் மின்னுவதைப் பார்க்கிறான். பெயர் சொல்லிக் கத்திக்கொண்டு தேடுகிறான், பையன் கிடைக்கவில்லை. அப்போதுதான் அழுகிறான், 19 வருடத்தில் முதல் தடவை.

சாதாரணக் கிறிஸ்தவ நாவலாக இருந்தால் ஆயரின் வாசலிலேயே அழுதிருப்பான். மூன்று பக்கத்துக்கு ஜெபமும் நடந்திருக்கும். ஹ்யூகோ அவனை இன்னொரு முறை திருட விடுகிறார், அதுவும் ஒரு குழந்தையிடம். கிருபை என்று ஒன்று கையில் விழுந்த பிறகும் ஒரு மனிதன் அதன் மேல் காலை வைத்துக்கொண்டு நிற்க முடியும் என்பது அவருக்குத் தெரியும். நான் ஒரு விசுவாச நாவலில் தேடுவது இதைத்தான்: 'மாட்டேன்' என்று சொல்ல அந்தப் பாத்திரத்துக்கு இடம் இருக்கிறதா? இல்லையென்றால் மனந்திரும்புவது அவன் இல்லை, ஆசிரியர் அவன் கழுத்தைப் பிடித்துத் திருப்புகிறார்.

உங்கள் அலமாரியிலேயே இந்தச் சோதனையில் தேறுகிற புத்தகங்கள் இருக்கும். பிரான்சின் ரிவர்ஸ், விட்டுப்போன மனைவியைத் திரும்பச் சேர்த்துக்கொண்ட ஓசியா தீர்க்கதரிசியின் கதையைத் தங்க வேட்டைக் கால கலிபோர்னியாவுக்குக் கொண்டுபோய் எழுதிய 'ரிடீமிங் லவ்' நாவலை நீங்கள் வாசிக்காமல் இருக்க மாட்டீர்கள். 1991-ல் வந்தது. சில இடங்களில் எனக்கு இனிப்பு தூக்கல்தான். ஆனால் அந்தப் பெண் ஓடிக்கொண்டே இருக்கிறாள் பாருங்கள், அது அசல். கடைசி முறை கணவன் தேடிப் போவதில்லை. அவள் தானாக வர வேண்டும், வராமலும் போகலாம்.

சாட்சிப் புத்தகங்களிலும் இதே கதைதான். கோரி டென் பூமின் நாஜி முகாம் நினைவுகளில் (1971) தெள்ளுப்பூச்சி வரும் இடம் ஞாபகம் இருக்கிறதா? ரேவன்ஸ்பிரூக் முகாமில் படுக்கையெல்லாம் தெள்ளுப்பூச்சி. அக்கா பெட்சி அதற்காகவும் ஸ்தோத்திரம் செலுத்த வேண்டும் என்கிறாள். கோரிக்கு எரிச்சல். இந்தத் தடவை பெட்சி நினைப்பது தப்பு என்றே எழுதுகிறார். பூச்சிக்குப் பயந்துதான் காவலர்கள் அந்த அறைக்குள் வருவதில்லை, அதனால்தான் அங்கே வேதம் வாசிக்க முடிந்தது என்பது பிறகு தெரிகிறது. தங்கையின் எரிச்சலை எடுத்துவிட்டால் அது வெறும் ஞாயிறு பள்ளிக் கதை.

தினதியான நூல்களைப் பற்றி ஒன்றே ஒன்று. நீங்கள் மாதம் ஐந்தாறு முடிப்பதாகச் சொன்ன கணக்கில் அவையும் உண்டென்றால், தயவுசெய்து வேகத்தைக் குறையுங்கள். ஆஸ்வால்ட் சேம்பர்ஸ் என்ற போதகர் 1917-ல் இறந்துவிட்டார். அவர் பேசப் பேச மனைவி சுருக்கெழுத்தில் எடுத்து வைத்திருந்த குறிப்புகளிலிருந்து நாளுக்கு ஒரு பக்கமாகத் தொகுத்ததுதான் 1927-ல் வந்த அந்தப் புகழ்பெற்ற தியான நூல். அவர் அதைக் கண்ணால் பார்த்ததில்லை. ஒரு நாளைக்கு ஒரு பக்கம் என்று அந்த அம்மா அளந்து வைத்ததை ஒரே மூச்சில் நாற்பது பக்கம் வாசித்தால் ஒன்றும் ஒட்டாது, எல்லாம் ஒரே மாதிரி கேட்கும். மருந்தைப் பாட்டிலோடு குடிப்பது போல.

மூப்பர், நண்பர் இருவருக்கும் பொதுவாக ஒன்று சொல்ல வேண்டும். லூக்கா 15-ல் வரும் கெட்ட குமாரன் கதை எப்படி முடிகிறது என்று யாரையாவது கேட்டுப் பாருங்கள். சொத்தையெல்லாம் அழித்துவிட்டுத் திரும்பிவந்த இளைய மகனைத் தகப்பன் ஓடிவந்து கட்டிக்கொண்டான், விருந்து நடந்தது என்பார்கள். இல்லை. மூத்த மகன் வெளியே கோபித்துக்கொண்டு நிற்கிறான். தகப்பன் வெளியே வந்து வருந்திக் கூப்பிடுகிறான். உள்ளே ஆடல்பாடல் கேட்கிறது. அவன் உள்ளே போனானா என்று சொல்லாமலே கதை நின்றுவிடுகிறது. இரண்டாயிரம் வருடமாக அவன் அந்த வாசலில்தான் நிற்கிறான். முடிவு முன்கூட்டியே தெரிகிறது என்று உங்கள் நண்பரால் அங்கே சொல்ல முடியாது.

நீங்கள் வருடாவருடம் எடுக்கும் அந்த நாவலின் பெயரை எழுதவில்லை. அடுத்த முறை எழுதுங்கள். கூடவே எந்தப் பக்கத்தில் அழுகிறீர்கள் என்பதையும். கடைசி அத்தியாயத்திலா, அதற்கு முன்பேவா? முன்பே என்றுதான் நினைக்கிறேன்.

அன்புடன்.