அட்வென்ட் ஆஃப் கோட் புதிர்களை எந்த மொழியில் போடுவது நல்லது? வேலைக்கு அதனால் பயன் உண்டா?

கேள்வி கேட்டவர் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறாராம். பைத்தான் என்ற நிரல்மொழி ஓரளவு தெரியுமாம். வரும் டிசம்பரில் அட்வென்ட் ஆஃப் கோட் என்ற இணையதளத்தின் நிரல் புதிர்களை ரஸ்ட் என்ற வேறொரு மொழியில் போட்டால் புதிய மொழியும் கற்றதாக ஆகும், நேர்முகத் தேர்விலும் எடுபடும் என்று நண்பர்கள் சொல்கிறார்களாம். செய்யலாமா என்கிறார்.

பைத்தானிலேயே போடுங்கள். ரஸ்ட் அடுத்த ஆண்டுக்கு இருக்கட்டும். நான் கோயம்புத்தூரில் நூற்பாலைகளுக்கான சம்பளக் கணக்கு மென்பொருளை ஜாவாவில் எழுதிப் பிழைப்பவன். 2019இல் இருந்து ஒவ்வொரு டிசம்பரும் இந்தப் புதிர்களோடு மல்லுக்கட்டுகிறேன். நண்பர்கள் உங்களுக்குச் சொன்ன அதே யோசனையை ஓர் ஆண்டு நானும் கேட்டு மூக்குடைபட்டேன். அதனால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்.

தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. நம் தேவாலயங்களில் திருவருகைக் காலம் என்பார்களே, அதுதான் அட்வென்ட். கிறிஸ்துமஸ் வரை நாளுக்கொரு சிறு கதவைத் திறந்து உள்ளே இருக்கும் மிட்டாயை எடுக்கும் அட்டை நாட்காட்டி மேலை நாடுகளில் உண்டு. அதே பாணியில் எரிக் வாஸ்டல் என்ற அமெரிக்க நிரலாளர் 2015இல் தொடங்கியது இது. டிசம்பர் 1 முதல் நாளுக்கொரு புதிர். ஒவ்வொன்றிலும் இரண்டு பகுதிகள், பகுதிக்கு ஒரு நட்சத்திரம். முதல் பகுதியை முடித்தால்தான் இரண்டாவது கண்ணில் படும். உங்களுக்கென்று ஓர் உள்ளீட்டுக் கோப்பு கிடைக்கும். பக்கத்து நாற்காலிக்காரரின் விடை உங்களுக்கு உதவாது. நீங்கள் அனுப்ப வேண்டியது நிரலை அல்ல, விடையை மட்டும். அது ஓர் எண்ணோ சில எழுத்துகளோதான். எந்த மொழியில் எழுதினீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. எக்செல்லில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், காகிதத்தில் போட்டுப் பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள்.

புதிர் திறப்பது அமெரிக்கக் கிழக்குக் கரையில் நள்ளிரவு. நமக்கு அது காலை பத்தரை மணி. எங்கள் அலுவலகத்தில் அன்றாடக் கூட்டம் நடக்கும் நேரமும் அதுவே என்பதை மேலாளர் இந்தப் பதிலைப் படிக்கமாட்டார் என்ற நம்பிக்கையில் எழுதிவைக்கிறேன்.

மொழி ஒரு பொருட்டே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. நாம் எதிர்பார்க்காத இடத்தில் அது காலை வாரும். 2021ஆம் ஆண்டின் 6ஆம் நாள் புதிர் இதற்கு நல்ல உதாரணம். விளக்குமீன்கள் பெருகுகின்றன. ஒவ்வொரு மீனுக்கும் ஓர் எண். தினமும் அது ஒன்று குறையும். பூஜ்யத்தில் இருக்கும் மீன் மறுநாள் 6க்குத் திரும்பி, 8 என்ற எண்ணோடு ஒரு குட்டியையும் போடும். மாதிரியாக ஐந்து மீன்கள் கொடுத்திருந்தார்கள்: 3, 4, 3, 1, 2. எண்பது நாள் கழித்து எத்தனை மீன்கள்? 5,934 என்று விடையையும் சொல்லியிருந்தார்கள். நான் ஒரு பட்டியல் வைத்தேன், மீனுக்கு ஓர் இடம், குட்டி பிறந்தால் கடைசியில் சேர். பத்து நிமிடத்தில் முதல் நட்சத்திரம்.

இரண்டாம் பகுதியில் வாஸ்டல் ஒரே ஒரு எண்ணை மாற்றியிருந்தார். 80க்குப் பதில் 256 நாட்கள். அவ்வளவுதான். என் நிரல் கொஞ்ச நேரம் முனகிவிட்டு நினைவகம் போதவில்லை என்று படுத்துவிட்டது. மாதிரியின் விடையைப் பார்த்த பிறகுதான் ஏன் என்று புரிந்தது: 2,698 கோடியே 44 லட்சத்து 57 ஆயிரத்து 539 மீன்கள். ஒவ்வொன்றுக்கும் பட்டியலில் இடம் ஒதுக்க என் மடிக்கணினி என்ன, அலுவலகத்தின் மொத்தக் கணினிகளும் போதாது.

மதிய உணவு இடைவேளையில் டப்பாவைத் திறக்கும்போது உறைத்தது. மீன்கள் தனித்தனியாக எதற்கு? ஒரே எண் கொண்ட மீன்கள் எல்லாம் ஒன்றுபோலத்தானே நடந்துகொள்கின்றன? 0 முதல் 8 வரை ஒன்பது டப்பாக்கள் போதும். எந்த டப்பாவில் எத்தனை என்ற கணக்கு மட்டும் வைத்துக்கொண்டால் ஆயிற்று. தினமும் எல்லாவற்றையும் ஒரு டப்பா கீழே தள்ளு. பூஜ்ய டப்பாவில் இருந்த எண்ணிக்கையை ஆறிலும் சேர், எட்டிலும் போடு. 256 முறை சுற்றினால் கண் சிமிட்டும் நேரத்தில் முடிகிறது. நிரலை ஓட்டினேன். மாதிரிக்கு வந்த விடை 121 கோடியே 46 லட்சத்து 53 ஆயிரத்து 763.

கழித்தல் குறி இல்லை, பிழைச் செய்தி இல்லை. பார்த்தால் ஒழுங்கான எண். மாதிரியோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் இருந்திருந்தால் என் உள்ளீட்டுக்கு வந்த விடையையும் அப்படியே அனுப்பியிருப்பேன். தர்க்கத்தை ஒரு மணி நேரம் புரட்டினேன்; தவறே இல்லை. அந்த நேரம் பார்த்துச் சென்னையில் கணினி அறிவியல் படித்துக்கொண்டிருந்த அண்ணன் மகள் கூப்பிட்டாள். "சித்தப்பா, எனக்கு அப்போதே வந்துவிட்டதே. நீங்களும் டப்பாதானே போட்டீர்கள்?" டப்பாதான். அவள் எழுதியது பைத்தானில், நான் எழுதியது ஜாவாவில். வேறுபாடு அவ்வளவே.

ஜாவாவில் முழு எண்களை வைக்கும் இன்ட் என்ற வகை 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647 வரைதான் கொள்ளும். அதைத் தாண்டினால் பழைய ஸ்கூட்டரின் கிலோமீட்டர் மானி போல மறுபடி சுற்றும். வர வேண்டிய விடையிலிருந்து வந்த விடையைக் கழித்து, இன்ட்டுக்கு உள்ள 32 பிட்டின் மொத்தக் கொள்ளளவான 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 296ஆல் வகுத்துப் பார்த்தேன். மீதியில்லாமல் ஆறு. மானி ஆறு முறை முழுச் சுற்று சுற்றியிருக்கிறது! இன்ட் என்ற இடங்களில் அதைவிடப் பெரிய எண்களைக் கொள்ளும் லாங் என்று மாற்றினேன், நட்சத்திரம் விழுந்தது. பைத்தானில் முழு எண்ணுக்கு இந்த வரம்பே கிடையாது. நினைவகம் உள்ளவரை வளரும். உங்களிடம் பைத்தான் இருக்கிறது என்றதும் அதையே பிடித்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்வதற்கு இது பாதிக் காரணம்.

வேலைக்குப் பயன் உண்டா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நேர்முகத் தேர்வில் இதைப் பற்றி யாரும் என்னிடம் கேட்டதில்லை. ஆனால் அந்த மீன் புதிர் முடிந்த மறுநாள் மனம் கேட்காமல் எங்கள் சம்பள மென்பொருளில் இன்ட் என்று எங்கெல்லாம் இருக்கிறது என்று தேடினேன். ரூபாயைப் பைசாவாக மாற்றி வைப்பது எங்கள் வழக்கம், தசமப் புள்ளித் தொல்லை இருக்காது. மாதச் சம்பள மொத்தம் லாங்கில் இருந்தது. அந்த ஆண்டு புதிதாகச் சேர்த்த ஆண்டறிக்கையின் மொத்தம் மட்டும் இன்ட்டில் இருந்தது. எழுதிய புண்ணியவான் நானேதான். பைசாவில் அதன் வரம்பு எவ்வளவு தெரியுமா? 2 கோடியே 14 லட்சத்து 74 ஆயிரத்து 836 ரூபாய் 47 காசு. நடுத்தரமான ஓர் ஆலையின் ஆண்டுச் சம்பளம் இதை எளிதாகத் தாண்டும். சோதனைக்கு நாங்கள் வைத்திருந்ததோ முப்பது பேர் வேலை செய்யும் சிறிய ஆலையின் தரவு. மார்ச் மாதக் கணக்கு முடிப்புக்கு மூன்று மாதம் முன்பே சரிசெய்துவிட்டேன். யாருக்கும் தெரியாது, இப்போது உங்களுக்குத் தெரியும்.

இனி ரஸ்ட் கதை. 2022 டிசம்பரில் புதிய மொழியில் போடுவது என்று சபதம் எடுத்தேன். நான்கு நாட்கள் சுகமாகப் போயின. 5ஆம் நாள், அடுக்கி வைத்த பெட்டிகளை ஓர் அடுக்கிலிருந்து இன்னோர் அடுக்குக்கு மாற்றும் புதிர். ஜாவாவில் ஐந்து நிமிட வேலை. நாம் எழுதிய நிரலைக் கணினிக்கு மொழிபெயர்க்கும் ரஸ்ட்டின் கம்பைலர், ஒரே பட்டியலில் உள்ள இரண்டு அடுக்குகளை ஒரே சமயத்தில் மாற்றக் கைகொடுக்க மாட்டேன் என்று அடம்பிடித்தது. அது சொல்வதில் நியாயம் இருக்கிறது. நினைவகப் பிழைகளை எழுதும்போதே தடுப்பதுதான் அந்த மொழியின் உயிர்நாடி. ஆனால் அலுவலக நேரத்துக்கு நடுவே திருட்டுத்தனமாகப் புதிர் போடுகிறவனுக்கு அந்த நியாயம் இறங்குமா? 7ஆம் நாள் கோப்புறைகளை மரமாகக் கட்டச் சொன்னார்கள். உள்ளே இருக்கும் குழந்தைக் கோப்புறைக்கு அதை வைத்திருக்கும் தாயைத் தெரிய வேண்டும், தாய்க்குக் குழந்தையைத் தெரிய வேண்டும், யாருக்கு யார் உரிமை என்று ரஸ்ட் கேட்கிறது. இரவு பதினொன்றரைக்குக் கைவிட்டு ஜாவாவுக்கு ஓடிவந்தேன். புதிரும் புதிது, மொழியும் புதிது என்றால் எது இடறுகிறது என்றே தெரியாமல் போய்விடுகிறது. பழைய ஆண்டுப் புதிர்கள் எல்லாம் இன்றும் திறந்தே இருக்கின்றன. ரஸ்ட் கற்க ஆசை என்றால், பைத்தானில் ஏற்கெனவே முடித்த ஒன்றை எடுத்து மறுபடி எழுதிப் பாருங்கள். நான் பிறகு அப்படித்தான் கற்றேன்.

பைத்தான்காரர்களுக்கு வேறு குழிகள் உண்டு. 2023இன் முதல் நாளே ஒன்று வந்தது. ஒவ்வொரு வரியிலும் முதல் இலக்கத்தையும் கடைசி இலக்கத்தையும் எடுக்க வேண்டும். இரண்டாம் பகுதியில் ஆங்கிலச் சொல்லாக எழுதிய இலக்கங்களும் கணக்கு. அண்ணன் மகள் 'ஒன்', 'டூ', 'த்ரீ' என்று வரிசையாக எடுத்து எண்ணாக மாற்றிவிட்டாள். மாதிரியில் எட்டு, இரண்டு, மூன்று ஆகிய மூன்று ஆங்கிலச் சொற்களும் ஒட்டி வரும் வரி ஒன்று. எட்டின் கடைசி எழுத்தும் இரண்டின் முதல் எழுத்தும் ஒன்றே என்பதால் அதை ஒரு முறைதான் எழுதியிருக்கிறார்கள். இரண்டை முதலில் மாற்றியதும் எட்டின் வால் அறுந்தது. 83 வர வேண்டிய இடத்தில் 23 வந்தது. புணர்ச்சி விதி படித்த தமிழ்ப் பெண்ணுக்கு இது தோன்றியிருக்க வேண்டாமா என்று நான் கேலி செய்ததில் இரண்டு நாள் பேசவில்லை.

போட்டியில் முதலிடம் பற்றிக் கனவு இருந்தால் விட்டுவிடுங்கள். முதல் நூறு பேருக்கு நூறிலிருந்து ஒன்று வரை புள்ளி தரும் உலகப் பட்டியல் ஒன்று முன்பு இருந்தது. 2024இல் முதல் நாள் புதிருக்குச் சில விநாடிகளில் விடை வந்தது. மனிதர் ஒருவர் அதற்குள் தலைப்பைப் படித்திருந்தாலே பெரிய காரியம். செயற்கை நுண்ணறிவு செய்த வேலை. வாஸ்டல் 2025இல் அந்தப் பட்டியலையே எடுத்துவிட்டார். இருபத்தைந்து நாளாக இருந்ததையும் பன்னிரண்டாகக் குறைத்துவிட்டார். புதிர்களைக் கட்டவே தன் ஓய்வு நேரமெல்லாம் போகிறது என்பது அவர் சொன்ன காரணம். என்னைக் கேட்டால் இரண்டும் நல்ல முடிவுகள். இருபதாம் தேதிக்கு மேல் என் வீட்டில் நடக்கும் சண்டை மிச்சம். நண்பர்களுக்குள் தனிப் பட்டியல் வைத்துக்கொள்ளும் வசதி இன்னும் இருக்கிறது, அது போதும்.

ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். பத்து ஆண்டுப் பழைய கணினியிலும் பதினைந்து விநாடிக்குள் முடிக்கக்கூடிய வழி ஒவ்வொரு புதிருக்கும் உண்டு என்று அந்தத் தளத்திலேயே எழுதியிருக்கிறார்கள். ஆகவே உங்கள் நிரல் ஒரு மணி நேரமாக ஓடினால் மொழியைக் குறை சொல்லாதீர்கள். நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போங்கள். டிசம்பரில் தேர்வு இருக்கிறது என்றால் வீக்லி சேலஞ்ச் என்று ஒன்று உண்டு. முகமது சாஜித் அன்வர் என்பவர் 2019 மார்ச்சில் பெர்ல் மொழிக்காரர்களுக்காகத் தொடங்கியது. இப்போது பல மொழிக்காரர்களும் எழுதுகிறார்கள். வாரம் இரண்டு சிறிய கணக்குகள், ஞாயிறு வரை நேரம். அங்கே நிரலையே அனுப்ப வேண்டும் என்பதால், ஒரே கணக்கைப் பிறர் எப்படிப் போட்டார்கள் என்று பார்க்கலாம்.

என் கணக்கில் 2019க்கு இன்னும் இரண்டு நட்சத்திரம் பாக்கி. 22ஆம் நாள் இரண்டாம் பகுதி: 119 லட்சம் கோடிக்கும் மேற்பட்ட சீட்டுகள் கொண்ட ஒரு கட்டை 101 லட்சம் கோடி முறைக்கு மேல் கலைக்க வேண்டும். இடையில் வரும் பெருக்கலுக்கு லாங்கும் போதாது, ஜாவாவில் எவ்வளவு பெரிய எண்ணையும் கொள்ளும் பிக்இன்டீஜர் வேண்டும் என்பதுவரை வந்திருக்கிறேன். அது விழாமல் 25ஆம் நாளின் கடைசி நட்சத்திரம் தராது, மற்ற நாற்பத்தொன்பதையும் கேட்கும். அண்ணன் மகள் அதைப் பைத்தானில் முப்பது வரியில் முடித்துவிட்டாளாம். போனில் சொல்கிறேன் என்றாள். வேண்டாம் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.