பாக்ஸ் டிரெய்னர் தீசிஸ்: நேரம் மட்டும் அளந்தால் போதுமா?

டாக்டர், 20 ஹவுஸ் சர்ஜன்களுக்கு ஒரே நாளில் லேப்ராஸ்கோபி பாக்ஸில் (சிறு துளை வழி அறுவைக்குக் கை பழக்கும், கேமரா வைத்த பெட்டி) பயிற்சி, காலையில் ஒரு டெஸ்ட், மாலையில் ஒரு டெஸ்ட், அளப்பது நேரம் மட்டும், இது எம்.எஸ். தீசிஸுக்குத் தாங்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்படியே போனால் வைவாவில் மாட்டுவீர்கள். மாலைக்குள் யாருக்கும் கை கொஞ்சம் பழகத்தான் செய்யும், அது நிலைக்குமா என்பதுதான் கேள்வி.

2006-இல் டொரோண்டோவில் மௌல்டன் குழு செய்த ஆய்வைத் தேடிப் படியுங்கள். 38 இளநிலைப் பயிற்சி மருத்துவர்களுக்கு நுண் ரத்தக்குழாய்த் தையல் சொல்லிக்கொடுத்தார்கள். ஒரு குழுவுக்கு நான்கு வகுப்பும் ஒரே நாளில், இன்னொரு குழுவுக்கு வாரம் ஒன்றாக. ஒரு மாதம் கழித்துச் சோதித்தபோது வாரவாரம் படித்தவர்கள்தான் முன்னால் நின்றார்கள். உங்கள் ஆட்களையும் சீட்டுப் போட்டு அப்படிப் பிரித்துவிடலாமே. (20 பேர் குறைவுதான், புள்ளியியல் ஆளைப் பார்த்துவிடுங்கள்.)

அப்புறம் அந்த நேரக் கணக்கு. அவசரக்காரர் பாக்ஸுக்குள் ரப்பர் துண்டுகளை ஒரு முளையிலிருந்து இன்னொன்றுக்குச் சட்டென்று மாற்றிவிடுவார், ஆனால் அவருடைய இடது கைக் கருவி திரைக்கு வெளியே எங்கேயோ குத்திக்கொண்டிருக்கும், ஸ்டாப்வாட்சுக்கு அது தெரியாது. 1990-களில் டொரோண்டோவிலேயே உருவான ஓசாட்ஸ் மதிப்பீட்டுத் தாளைப் பாருங்கள்: திசுவை எப்படித் தொடுகிறார், கை வீணாக அலைகிறதா என்றெல்லாம் 1 முதல் 5 வரை மதிப்பெண். பாக்ஸ் கேமராவிலேயே பதிவு செய்தால் முகம் விழாது. யார் எந்தக் குழு என்று சொல்லாமல் அந்தப் பதிவை மதிப்பெண் போட இரண்டு பேரிடம் கொடுங்கள், உங்கள் கைடு வேண்டாம்.

நோயாளி இல்லையே என்று எத்திக்ஸ் கமிட்டியை விட்டுவிடாதீர்கள், ஹவுஸ் சர்ஜன்களிடமும் ஒப்புதல் கையெழுத்து வேண்டும். ஒரு மாதம் கழித்து மறுபடி சோதிக்கும்போது அவர்கள் வேறு போஸ்டிங்கில் இருப்பார்கள், ரோஸ்டரை இப்போதே வாங்கி வையுங்கள்.