நாய்க்கு ஓயாத அரிப்பு: சிக்கனை நிறுத்தினால் சரியாகுமா?

தம்பி, உங்கள் லாப்ரடாருக்கு ஊசி போட்டால் பத்து நாள் அரிப்பு நிற்கிறது, பிறகு மறுபடி தொடங்குகிறது, சிக்கனை நிறுத்திவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்களும் வேலூர் என்பதால் எழுதுகிறேன். சிக்கனில் கை வைக்கும் முன், வால் தொடங்கும் இடத்தில் முடியை விலக்கிப் பாருங்கள். அதைச் செய்யாமல் நான் ஐந்து மாதம் வீணாக்கினேன்.

எங்கள் முறுக்கு நாட்டு நாய். வால் சுருண்டிருப்பதால் பேத்தி வைத்த பெயர். "நாட்டு நாய்க்கு அலர்ஜி வராது" என்று எழுத வருபவர்கள் தயவுசெய்து ஒதுங்குங்கள், வந்தது. இடுப்பிலும் தொடையிலும் முடி கொட்டி, தோல் கறுத்துத் தடித்து, வீடெங்கும் ஒரு புளித்த நாற்றம். அக்னி நட்சத்திர நேரம். நம் ஊரில் எது வந்தாலும் வெயில் மேல் பழி போடுவது வழக்கம்தானே, சூடு என்று நினைத்து வேப்பெண்ணெய் தடவினேன். கேட்கவில்லை. அடுத்த தெருவில் பைக் பட்டறை வைத்திருக்கும் பையன், "சொறிக்கு இதுதான் மருந்து, அத்தை" என்று ஒரு பாட்டிலில் கழிவு எஞ்சின் ஆயில் கொடுத்தான். தடவினேன். முறுக்கு நக்கிவிட்டு இரண்டு நாள் வாந்தி எடுத்தது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் இன்றும் பலர் இதைச் செய்கிறார்கள். அது விஷம், செய்யாதீர்கள்.

பிறகுதான் ஊசி. உங்களுக்கு நடப்பதேதான் எங்களுக்கும் நடந்தது. அது ஸ்டீராய்டு என்று நான்காவது முறைதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். குடம் குடமாகத் தண்ணீர் குடித்தது, கூடத்திலேயே சிறுநீர் கழித்தது, எப்போதும் பசி. ஸ்டீராய்டே கூடாது என்று நான் சொல்லவில்லை, மருத்துவர்கள் என்மேல் பாய வேண்டாம். அரிப்பு உச்சத்தில் இருக்கும்போது அது தேவைதான். மாத்திரையாகக் கொடுத்திருந்தால் நீங்களாகத் திடீரென்று நிறுத்தவும் கூடாது. ஆனால் அது அரிப்பை அடக்குமே தவிர, காரணத்தைக் கண்டுபிடித்துத் தராது.

நான் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். இத்தனை பிள்ளைகளுக்குச் சோறு போட்டவளுக்கு ஒரு நாயின் சாப்பாடு தெரியாதா என்ற திமிர் எனக்கு. உணவு ஒவ்வாமைதான் என்று நானே முடிவு கட்டி, அது அதுவரை தின்றிராத கட்லா மீனும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் மட்டும் அவித்துப் போட்டேன். இந்தச் சோதனையைக் குறைந்தது எட்டு வாரம், வேறு ஒரு துண்டும் வாயில் படாமல் செய்ய வேண்டும். ஆறாவது வாரம்தான் தெரிந்தது, மேல் போர்ஷன் சிறுவன் தினமும் மாலையில் கம்பி வழியாகப் பால் பிஸ்கட் போட்டுக்கொண்டிருந்தான். மாட்டிறைச்சி, பால், சிக்கன், கோதுமை, இவைதான் நாய்களுக்கு அதிகம் ஒத்துக்கொள்ளாதவை. பிஸ்கட்டில் அவற்றில் இரண்டு. ஆறு வாரத்து மீன் காசு போனது.

கடைசியில் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். நாய் என்றதும் இரண்டு வாடகைக் கார்கள் மறுத்துவிட்டன. அங்கே ஓர் இளம் மருத்துவர் தோலைச் சுரண்டி எடுத்துச் சொறிப்பூச்சி இல்லை என்று பார்த்தார். பிறகு வால் அடியில் சீப்பால் வாரி, விழுந்த கருந்துகள்களை ஈரப் பஞ்சில் வைத்தார். செங்காவி நிறம் பரவியது. "இது மண் இல்லை அம்மா, தெள்ளுப்பூச்சியின் எச்சம். செரித்த ரத்தம்" என்றார். ஒரு பூச்சிகூட என் கண்ணில் பட்டதில்லையே என்றேன். அரிக்கிற நாய் கடித்துக் கடித்துப் பூச்சியை விழுங்கிவிடுமாம். தெள்ளின் எச்சில்தான் அலர்ஜி, ஓரிரு கடியே போதும்.

பெரும் கூட்டம் நாயின் மேல் இல்லை, வீட்டில் இருந்தது. மாடிப்படிக்கு அடியில் அது படுக்கும் கோணிச் சாக்குகளில் முட்டையும் புழுவும் கூடும். கூட்டுப்புழு மாதக்கணக்கில் அசையாமல் கிடந்து, ஆள் நடமாட்டம் தெரிந்ததும் வெளியே வரும். சாக்குகளை எரித்தேன். விரிப்பை வாரம் ஒருமுறை கொதிநீரில் துவைத்தேன். எடைக்கு ஏற்ற, தெள்ளைக் கொல்லும் ஃப்ளூராலேனர் மாத்திரை கொடுத்தார்கள், ஒன்று 12 வாரம் தாங்கும். உங்கள் நாய்க்கு வலிப்பு வந்ததுண்டு என்றால் அதை முதலில் மருத்துவரிடம் சொல்லுங்கள். நாய்க்கான பெர்மெத்ரின் என்ற பூச்சி மருந்தைப் பூனைக்குப் போட்டுவிடாதீர்கள், பூனை செத்துவிடும்.

இடையில் வீட்டுக்காரர் "உங்கள் நாயால் எங்களுக்கும் அரிக்கிறது" என்று காலி செய்யச் சொன்னார். தெள்ளு மனிதரையும் கடிக்கும்தான், மறுக்கவில்லை. ஆனால் உண்மைக் காரணம் வேறு. வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் இங்கே சி.எம்.சி. மருத்துவமனைக்குச் சிகிச்சைக்கு வருபவர்களிடம் நாள் வாடகை வாங்கினால், நான் மாதம் முழுக்கத் தருவதை ஒரு வாரத்தில் எடுத்துவிடலாம். நோயாளிகள் பாவம், அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. தோட்டப்பாளையத்தில் பதினெட்டு வருடம் ஒருநாள் தவறாமல் வாடகை கொடுத்தவள் நான். நாய் குணமான மாதம் காலி செய்தேன். முன்பணத்தில் வெள்ளையடிக்க என்று பிடித்துக்கொண்டது இன்னும் வரவில்லை.

உங்கள் நாய்க்கு வால் பக்கம் சுத்தமாக இருந்து பாதம், காது, வயிறு மட்டும் சிவந்திருந்தால் அது வேறு கதை. உணவாகவோ, தூசி, மகரந்தமாகவோ இருக்கலாம். அப்போது மீன் வாங்குங்கள், பிஸ்கட் போடுகிறவர்களையும் கண்டுபிடியுங்கள். இன்று ராத்திரியே சீப்பால் வாரி, விழுவதை ஈர வெள்ளைத் துணியில் போட்டுப் பாருங்கள். சிவந்ததா இல்லையா என்று கீழே எழுதுங்கள்.