குடத்துக்குள் வழுவழுப்பு

கேள்வி: பிளாஸ்டிக் குடத்தில் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரைத்தான் ஊற்றி வைக்கிறோம். வாரம் ஒருமுறை வெந்நீர் விட்டுக் குலுக்கிக் கொட்டுகிறேன். அப்படியும் நான்கே நாளில் உட்புறம் வழுவழுக்கிறது. கோளாறு தண்ணீரிலா, குடத்திலா?
– ஒரு வாசகி, திருமங்கலம்

பதில்: குலுக்கலில். தேய்க்க வேண்டியதைக் குலுக்கிக்கொண்டிருக்கிறீர்கள், அம்மா.

கல்லூரியில் நுண்ணுயிரியல் நடத்திய காலத்தில், ஒரு கண்ணாடித் துண்டை நூலில் கட்டித் தண்ணீர்த் தொட்டியில் தொங்கவிடச் சொல்வேன். ஒரு வாரம் கழித்து எடுத்தால் வெறுங்கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. குழாயடியில் கழுவி, காயவைத்து, ஊதாச் சாயம் இட்டு நுண்ணோக்கியில் பார்த்தால் திட்டுத்திட்டாகப் பாக்டீரியாக்கள். “கழுவினோமே, மேடம்!” என்று ஆண்டுதோறும் யாராவது ஒருத்தி சண்டைக்கு வருவாள்.

தண்ணீர் பட்ட சற்று நேரத்திலேயே, அதில் கரைந்துள்ள கரிமப் பொருள்கள் குடத்தின் சுவரில் படிந்துவிடும். காய்ச்சிய தண்ணீருக்குள் பாக்டீரியா எப்படி வந்தது என்பீர்கள். மொண்டு குடிக்கும் டம்ளரிலும் அதைப் பிடித்த விரல்களிலும்தான். வந்தது முதலில் அந்தப் படிவின்மேல் சும்மா ஒட்டிப் பார்க்கும்; விலகியும் போகும். இடம் பிடித்துவிட்டால் மயிரிழை போன்ற நீட்சிகளால் பற்றிக்கொண்டு, நீச்சலை விட்டுவிட்டு, கோழை போன்ற ஒரு பசையைச் சுரந்து தன்னைச் சுற்றிப் பூசிக்கொள்ளும். அதற்குள்ளேயே பெருகும். இதுதான் உயிரிப்படலம். உங்கள் விரலில் வழுக்குவது பெரும்பாலும் அந்தப் பசை. வெந்நீரில் சில செத்தாலும் பசை சுவரிலேயே நிற்கிறது. அடுத்து வருபவற்றுக்குக் குடியிருப்பும் சாப்பாடும் தயார்.

1680களில் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரத் துணி வணிகர் லேவன்ஹூக் இதைத் தன் பல்லிலேயே நுண்ணோக்கி வழியாகக் கண்டார். வினிகரால் வாய் கொப்பளித்தும் பல்லழுக்கில் உயிரிகள் நெளிந்தன. அழுக்கைச் சுரண்டிக் கரைத்து வினிகர் விட்டதும் செத்துப்போயின. வினிகர் வெளிப்புறத்தில் இருந்தவற்றை மட்டுமே கொன்றிருக்கிறது என்று எழுதிவைத்தார்.

என் மாமியார் பித்தளைக் குடத்தைப் புளியும் சாம்பலும் போட்டு அரை மணி நேரம் தேய்ப்பார். நான் அப்போது சிரித்தேன். ஆனால் பிளாஸ்டிக்கில் அந்த வேகம் வேண்டாம். கீறல் விழுந்தால் பாக்டீரியா அதற்குள் பதுங்கிக்கொள்ளும். மெல்லிய பிரஷ்ஷும் சோப்பும் போதும். தேய்த்து அலசிய பின் கவிழ்த்து, உட்புறம் நன்றாகக் காயும்வரை விடுங்கள். முடிந்தால் எவர்சில்வர் குடம் வாங்குங்கள். அதிலும் படலம் வரும், தேய்ப்பது எளிது. டம்ளரைக் குடத்துக்குள் விட்டு மொள்ளாதீர்கள். நீளக் கைப்பிடிக் கரண்டி வையுங்கள்.